தொண்டையில் தோன்றும் வெண்புள்ளிகள் – ஒரு சிறு பாடம்

ஆண்டு மலருக்கு ஏதேனும் ஒரு பாடம் எழுதித் தரும்படி செயற்குழுவினர் என்னைப் பணிப்பது வழக்கமாகிவிட்டது. சமய விளக்கம் எழுத என்னினும் அறிந்தோர் நம்மிடையே பலர் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் நலக்கல்வியும் கற்பித்தவன் என்ற முறையில் உடல்நலத்தைப் பற்றி எழுதுவதே எனக்குப் பொருந்தும். இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருள் வாயைத் திறந்தால் தெரிந்துவிடக் கூடியது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் திறந்து பார்ப்பதில்லை.

ஆலய மண்டபத்தில் நடைபெறும் இலவச மருத்துவ முகாமில் பெயர் பதியும் மேசையில் நான் அமர்வதுண்டு. "வாத்தியாரே, பேரனுக்குத் தொண்டையில வெள்ளை வெள்ளையா இருக்கு, என்ன மருந்து குடுக்கலாம்?" என்று பாட்டிமார் கேட்பார்கள். இளந்தாய்மார் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையே நீட்டுவார்கள். எல்லாரும் மருந்தைக் கேட்கிறார்கள். அந்த வெள்ளை எது என்று கேட்பவர் குறைவு. வெண்மை ஒரு நோயின் பெயரன்று. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் வெள்ளைதான். உயிருக்கே உலை வைக்கும் நோயாக இருந்தாலும் முதலில் தெரிவது வெள்ளைதான். வந்தவருக்கு எத்தனை வயது, காய்ச்சல் உண்டா, ஒரு பக்கமா இரு பக்கமா, துடைத்தால் வருகிறதா, எத்தனை நாளாக இருக்கிறது என்னும் ஐந்து கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் அதற்குப் பெயர் வைக்க முடியும். பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. விடைகளைச் சேகரித்துக்கொண்டு போவது நம் வேலை. நான் மருத்துவன் அல்லன். முகாமுக்கு வரும் மருத்துவர் ஒருவர் இக்கட்டுரையைப் படித்துப் பார்த்த பின்னரே அச்சுக்குக் கொடுத்தேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "உள்நாக்கு வளர்ந்திருக்கிறது" என்று நம்மவர் சொல்லும்போது பெரும்பாலும் டான்சிலைத்தான் குறிக்கிறார்கள். உண்மையில் உள்நாக்கு என்பது அண்ணத்தின் நடுவிலிருந்து சிறு மணிபோலத் தொங்குகிறதே, அது. அதற்கு இரு மருங்கிலும், வாயில் காப்போர் இருவர் நிற்பதுபோல் நிற்கும் சதைகளே டான்சில்கள். தமிழில் அடிநாச் சதை என்பர். உண்ணும் உணவோடும் இழுக்கும் மூச்சோடும் வரும் கிருமிகளை முதலில் சந்தித்து, உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அறிமுகம் செய்து வைப்பது இவற்றின் பணி. சிறு வயதில் இவை பருத்திருப்பது இயல்பு. வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். ஐந்து வயதுப் பிள்ளையின் டான்சில் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை.

டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாக இராது. பலாச்சுளையின் மடிப்புகளைப் போலக் குழிகளும் பிளவுகளும் நிறைந்திருக்கும். இந்தக் குழிகளில்தான் மிகச் சாதாரணமான வெண்புள்ளி பிறக்கிறது. உணவுத் துணுக்கு, உதிர்ந்த தோற்செல், வாய்க்கிருமிகள் ஆகியவை குழியில் தங்கி இறுகி, மேலே சுண்ணாம்புச் சத்து படிந்து, வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறத்தில் சிறு கல்லாகிவிடும். இதுவே டான்சில் கல். காய்ச்சல் இராது. தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதுபோல உறுத்தும். சில நாளில் இருமும்போது அரிசி நொய்யளவு கட்டி ஒன்று வெளியே வந்து விழும். நசுக்கினால் தாங்க முடியாத நாற்றம். புற்றுநோயோ என்று அஞ்சித் தூக்கமிழந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அஞ்ச வேண்டாம். இளஞ்சூடான உப்பு நீரில் கொப்பளித்து, பல்லோடு நாக்கையும் துலக்கி, நிறையத் தண்ணீர் குடித்து வந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். ஊக்கு, கொண்டை ஊசி, பல்குச்சி ஆகியவற்றால் நோண்டி எடுக்கும் துணிச்சல் மட்டும் வேண்டாம். அந்த இடத்திற்குப் பின்னால் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன.

இனிக் காய்ச்சலோடு வரும் வெண்புள்ளிக்கு வருவோம். தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸ் கிருமிகளால் வருவது. சளி, இருமல், மூக்கொழுகல், தொண்டைக் கட்டு, கண் சிவப்பு ஆகியவை கூடவே இருக்கும். டான்சிலில் வெள்ளைச் சீழ் கூடத் தோன்றலாம். ஆனாலும் அண்டிபயோட்டிக் மருந்துக்கு அங்கே வேலையில்லை. சிறு குழந்தைகளுக்கு உள்நாக்கின் ஓரத்திலும் டான்சிலின் முன்புறத் தூணிலும் சிறுசிறு கொப்புளங்கள் வந்து வெள்ளைப் புண்ணாகும். உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் கொப்புளம் கண்டால் அது கை, கால், வாய் நோய். நம் நாட்டில் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களிலும் பாலர் பள்ளிகளிலும் அடிக்கடி பரவுவது இது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் குணமாகும் என்றாலும், 1997இல் சரவாக்கில் அதன் ஒரு வகைக் கிருமி பரவியபோது குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். குழந்தை அரைத் தூக்கத்தில் திடீர் திடீரெனத் துள்ளினாலும், தள்ளாடினாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும் காத்திருக்கக் கூடாது.

பதின்ம வயதினருக்கு வரும் ஒரு காய்ச்சலும் உண்டு. டான்சில் இரண்டும் வெள்ளை மாவு பூசியதுபோல் மூடிக்கொள்ளும். கழுத்தின் பின்புறம்கூட நெறி கட்டும். வாரக்கணக்கில் உடல் அசதி நீங்காது. 1964இல் எப்ஸ்டைன், பார், அச்சோங் என்னும் மூவர் இலண்டனில் கண்டுபிடித்த வைரஸ் இதற்குக் காரணம். இக்காய்ச்சல் உள்ளவருக்கு அமோக்சிசிலின் கொடுத்தால் உடம்பெங்கும் தடித்துச் சிவந்துவிடுவது பலருக்கு நேரும். "அண்ணனுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது" என்று மருந்தலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதுவொன்றே போதும். மண்ணீரலும் வீங்கியிருக்கக் கூடும். ஆகவே சில வாரங்கள் காற்பந்து, கபடி போன்ற மோதல் உள்ள ஆட்டங்கள் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்குகிறதென்று அதனை மீறாதீர்கள்.

இப்போது கூர்ந்து கேட்க வேண்டிய பகுதி. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை. திடீரெனக் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெண்புள்ளிகள், தாடையின் கீழ் இருபுறமும் தொட்டால் வலிக்கும் நெறி; இருமலும் இல்லை, மூக்கொழுகலும் இல்லை. இத்தனையும் சேர்ந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். இருமல் இல்லாதது நல்லதுதானே என்று நம் மனம் சொல்லும். இங்கே அது எச்சரிக்கை. தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு இக்கிருமி இருக்கும். பெரியவர்களில் இது இன்னும் குறைவு. சிலருக்கு உடம்பில் நுண்ணிய சொரசொரப்பு தோன்றும். வெளுத்த தோலில் அது செக்கச் சிவந்து தெரியும் என்று ஆங்கில நூல்களில் படம் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் சிவப்பு தெரியாது. வயிற்றையும் முதுகையும் கையால் தடவிப் பாருங்கள். மரம் தேய்க்கும் மணல்தாள்போல் இருந்தால் அதுதான்.

இந்தத் தொண்டை வலி மருந்தில்லாமலும் ஒரு வாரத்தில் குறைந்துவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வலி போய், பிள்ளை பள்ளிக்குப் போய், வீட்டார் மறந்துபோன இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு, கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் படை ஆளை மாற்றி, தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்கத் தொடங்கும். இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். முழங்கால் வீங்கும், அது குறைந்தால் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. மூட்டுவலி வந்த வழி தெரியாமல் போய்விடும். இதயத்தின் வால்வில் விழுந்த வடு மட்டும் போகாது. மீண்டும் மீண்டும் தொண்டை நோய் வர வர வடுவும் வளரும்.

கிள்ளான் பக்கம் நான் பணியாற்றிய காலத்தில், நான்காம் ஆண்டில் படித்த மாணவி ஒருத்தி உடற்கல்வி வேளையில் ஓட மாட்டாள். முழங்கால் வலி என்பாள். மறுவாரம் கணுக்கால் என்பாள். வளரும் வயதில் வரும் வலி என்று வீட்டில் சொல்லி எண்ணெய் தேய்த்தார்கள். சோம்பல் என்று வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள். பள்ளிக்கு வந்த தாதியர் குழு அவளது நெஞ்சில் ஒலிமானியை வைத்துப் பார்த்த பிறகுதான் கதை வேறென்று தெரிந்தது. அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இடுப்பில் போடும் அந்த ஊசியின் வலி தாங்காமல், ஊசி நாளன்று ஒரு பக்கமாகவே நாற்காலியில் அமர்ந்திருப்பாள். வளர்ந்து மணமாகித் தாய்மை அடைந்த வேளையில்தான் வால்வு தன் குறையை முழுமையாகக் காட்டியது. பிள்ளைப்பேறு இதயத்திற்குப் பெரும் சுமை. அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இன்று நலமாக இருக்கிறாள். ஆயினும் இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை என்று வாழ்கிறாள். இவ்வளவுக்கும் விதை, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஒரு தொண்டை வலி.

தடுக்கும் வழி எளியது, மலிவானது. அலெக்சாண்டர் பிளமிங் 1928இல் கண்ட அதே பென்சிலின்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தக் கிருமி அதற்கு அடங்கியே இருக்கிறது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாள்களுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பர். ஆனால் மருத்துவர் பத்து நாள் என்றால் பத்து நாள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், மூன்றாம் நாள் பிள்ளை சாப்பிடத் தொடங்கிவிடும், நான்காம் நாள் மாத்திரைப் பொட்டலம் குளிர்ப்பெட்டியின் மேல் ஏறிவிடும். இது நம் வீடுகளில் நடப்பதுதான். நேர்த்திக்கடனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதத்தை ஒரு நாள் குறையாமல் இருக்கும் நமக்கு, பத்து நாள் மாத்திரை முடியாத காரியமா? பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் அதனை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மாற்று மருந்து உண்டு.

அடுத்தது, நம் பாட்டன்மார் பெயரைக் கேட்டாலே நடுங்கிய நோய். தமிழில் தொண்டை அடைப்பான் என்று பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் டிப்தீரியா, பதனிட்ட தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். இதில் தோன்றுவது புள்ளியன்று, தோல். முதலில் வெண்மையாக ஆரம்பித்து, சாம்பல் நிறமாகி, டான்சிலைத் தாண்டி உள்நாக்கு, அண்ணம் என்று படர்ந்து ஒட்டிக்கொள்ளும். உரிக்க முயன்றால் இரத்தம் கசியும். கழுத்து காளையின் கழுத்துபோல் வீங்கும். காய்ச்சலோ அவ்வளவாக இராது, அதனால் ஏமாந்துபோவோம். அந்தத் தோல் மூச்சுக் குழலை அடைப்பது ஒரு வழி. அங்கிருந்தபடியே கிருமி கக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்குவது இன்னொரு வழி. சிகிச்சை கிடைத்தாலும்கூடப் பத்தில் ஒருவர் இறக்கக் கூடிய நோய் இது.

இந்நோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு கிடையாது. 1878இல் விக்டோரியா மகாராணியாரின் மகள் இளவரசி ஆலிஸ், ஜெர்மனியில் தம் கணவரும் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக இதனால் படுத்தபோது தாமே பணிவிடை செய்தார். நான்கு வயது இளைய மகளை இழந்தார். சில வாரங்களில் தாமும் அதே நோயால் மறைந்தார். உலகின் பெரிய சாம்ராஜ்யத்தில் அன்று அதற்கு மருந்தில்லை. 1890இல்தான் ஜெர்மானியர் பேரிங்கும் ஜப்பானியர் கித்தசாத்தோவும் சேர்ந்து நஞ்சை முறிக்கும் சீரத்தைக் கண்டார்கள். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு அதற்காகவே பேரிங்குக்கு வழங்கப்பட்டது. கித்தசாத்தோவுக்கும் பங்கு கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பின்னர் தடுப்பூசி வந்தது. நம் நாட்டில் முத்தடுப்பு ஊசி பரவலானபின், தொண்டை அடைப்பானை நேரில் பார்க்காமலே ஓய்வு பெற்ற மருத்துவர்கள் உண்டு.

பார்க்காததனால்தான் மறந்தோம். 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கெடாவிலும் மலாக்காவிலும் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைகாட்டிப் பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோனது. தடுப்பூசி போடாத, அல்லது முழுமையாகப் போடாத பிள்ளைகளே பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். 2019 பிப்ரவரியில் ஜோகூரில் தடுப்பூசி போடப்படாத சிறு குழந்தை ஒன்று இதே நோயால் இறந்த செய்தி நாளேடுகளில் வந்தது. கல்வியில் முதன்மை பெற்ற கேரளத்திலும் 2016இல் மலப்புறம் மாவட்டத்தில் இவ்வாறே நடந்தது. ஆக இது கல்லாமையால் வருவதன்று, "இப்போதெல்லாம் அந்த நோயே இல்லையே, ஊசி எதற்கு?" என்னும் எண்ணத்தால் வருவது. நோய் இல்லாமற்போனதே அந்த ஊசியால்தான் என்பதைச் சொல்ல இன்று பாட்டன்மார் இல்லை.

நம் நாட்டில் இப்போது குழந்தைக்கு இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதங்களிலும் பிறகு பதினெட்டாம் மாதத்திலும் போடப்படும் அறுதடுப்பு ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான தடுப்பும் அடங்கியிருக்கிறது. ஏழு வயதில், முதலாம் ஆண்டில் படிக்கும்போது, பள்ளியிலேயே ஊக்க ஊசி உண்டு. பதினெட்டாம் மாத ஊசிதான் நம்மவர் அதிகம் தவறவிடுவது என்று முகாமுக்கு வரும் தாதியர் சொல்வார்கள். தாய் வேலைக்குத் திரும்பியிருப்பார், குழந்தை பாட்டி வீட்டில் இருக்கும், தேதி நழுவிவிடும். தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குழந்தைகளுக்கான இந்த ஊசிகள் இலவசம்.

துடைத்தால் வந்துவிடும் வெண்மை ஒன்றும் உண்டு. தயிர் ஒட்டியதுபோல் நாக்கு, கன்னம், சில வேளை டான்சில் வரை படியும். துடைத்தால் கீழே சிவந்து புண்ணாக இருக்கும். இது பூஞ்சணம். கைக்குழந்தைகளுக்கு வருவது சாதாரணம். ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சுபவர்கள் உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்காவிட்டால் வரும். இவ்விரண்டும் இல்லாத நடுத்தர வயதினருக்கு வந்தால் இனிப்பு நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் நூறு பேரில் முப்பதுக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருந்தது. மற்ற இனத்தாரைவிட நாமே முன்னால் நின்றோம். வேண்டாத முதலிடம்.

வலியே இல்லாத வெள்ளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வெற்றிலைக் கடைகளைக் காணாதவர் இரார். வெற்றிலை நமக்கு மங்கலப் பொருள். தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுப்பதில் குறையொன்றும் இல்லை. பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்துக் கன்னத்தில் மணிக்கணக்கில் அடக்கி வைப்பதுதான் தீங்கு. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்று முதியோர் சமாதானம் சொல்வர். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2003இல் கூடி முடிவு கூறிவிட்டது. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுவதற்கு இப்பழக்கமே முதற்காரணம் என்பது ஆய்வாளர் முடிவு. தோட்டப்புறங்களில் வளர்ந்த நம் தாய்மார், காலைப் பனியில் பால்மரக் காட்டுக்குப் போகும்போது துணைக்கு எடுத்துச் சென்றது அந்தச் சுருக்குப்பைதான். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் அவர்களின் வாயை யாராவது பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? கன்னத்தின் உட்புறத்திலோ, நாக்கின் ஓரத்திலோ, டான்சிலின் மேலோ, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வெள்ளையைவிடச் சிவந்த திட்டு இன்னும் மோசம். ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாவது, அதே பக்கத்துக் காதில் காரணமின்றி வலி, கழுத்தில் வலியில்லாத கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத புண் ஆகியவையும் அவ்வாறே. வாய் திறப்பு குறைந்துகொண்டே வருவதும் ஓர் அறிகுறி: நடுவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே நுழைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். பல்லே இல்லாத பாட்டிக்குப் பல் மருத்துவர் எதற்கு என்று கேட்காதீர்கள். வாயின் உட்புறத்தைப் பார்ப்பதில் அவர்களே தேர்ந்தவர்கள். புகைப்பவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் இதே அறிவுரை. இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸால் டான்சிலில் புற்றுநோய் வருவதுண்டு. 2010 முதல் நம் பள்ளிகளில் பதின்மூன்று வயது மாணவிகளுக்கு அவ்வைரஸுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டு வருகிறார்கள். ஒப்புதல் படிவம் வந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

"டான்சிலை வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே" என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு காலத்தில் அப்படித்தான் கணக்கின்றி எடுத்தார்கள். இன்று மருத்துவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து ஈராண்டு ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூவாண்டு ஆண்டுக்கு மூன்று முறை கடுமையாக வந்திருந்தால் எடுப்பது பற்றி யோசிப்பார்கள். குறட்டையும் மூச்சடைப்பும் உள்ள பிள்ளைக்கு வேறு கணக்கு. எந்த மாதம் எத்தனை நாள் வந்தது என்று நாட்காட்டியில் குறித்து வைத்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும்.

வீட்டு வைத்தியம் பற்றிச் சில சொற்கள். ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பது, மஞ்சள் பால், கஞ்சி ஆகியவை இதமளிக்கும், தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவக் கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி அவ்வயதில் உயிராபத்தை உண்டாக்கும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. விரலில் உப்பையோ சாம்பலையோ வைத்து "விழுந்த உள்நாக்கைத் தூக்கும்" வேலையும் வேண்டாம். சீழ் பிடித்த தொண்டையில் நகம் பட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். நெற்றிக்குத் திருநீறு இட்டு, கையோடு கிளினிக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம்.

தொண்டையைப் பார்க்கும் முறை இது. பிள்ளையைச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, அல்லது கைவிளக்கைப் பிடித்து, நாக்கை நீட்டி "ஆ" என்று சொல்லச் செய்யுங்கள். தெரியாவிட்டால் கரண்டிக் காம்பால் நாக்கின் முன்பகுதியை மெல்ல அழுத்துங்கள். ஆனால் பிள்ளை எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, கழுத்து வீங்கியிருந்தாலோ, வாய் நிறையச் சோற்றை வைத்துப் பேசுவதுபோல் குரல் மாறி வாய் திறக்க இயலாதிருந்தாலோ கரண்டியை உள்ளே விடாதீர்கள். கடைசியாகச் சொன்னது, டான்சிலுக்குப் பின்னால் சீழ்க்கட்டி ஏற்பட்டிருப்பதன் அடையாளம், வளர்ந்தவர்களுக்கும் வரும். இத்தகையோரைக் கிளினிக்கில் வரிசையில் உட்காரவைக்காமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனையும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும், கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் உள்ளன. வாகனம் இல்லாதவர்கள் 999ஐ அழைக்கலாம்.

புறப்படும்போது பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று தொடங்கியது, இருமல் உண்டா, வெள்ளை ஒரு பக்கமா இரு பக்கமா, வீட்டில் வேறு யாருக்கேனும் தொண்டை வலி இருந்ததா, இதற்குள் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்தப் புத்தகத்திற்குள் வைத்துவிடுங்கள். பதற்றத்தில் பாட்டிக்கு ஒரு தேதி, தாய்க்கு ஒரு தேதி என்று நினைவு மாறும். தாளில் எழுதியது மாறாது.